நான்கு கோப்ளின்களின் எடை

வண்டி ஒன்று காட்டுவழியில் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பெல்லாம் கறுப்பு இறகு கட்டிய அம்புகள். வழியின் இருபுறமும் மேடு, மேட்டின் மேல் அடர்ந்த புதர். வண்டிக்குக் காவலாக வந்த நான்கு பேரில் ஒருவர் குதிரைகளைப் பார்க்க இறங்கிப் போகிறார். புதருக்குள் நான்கு கோப்ளின்கள் காத்திருக்கின்றன.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளியானபோது, புதியவர்களுக்கென விற்ற தொடக்கப் பெட்டியில் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்' என்ற சாகசக் கதை இருந்தது. அதன் முதல் மோதல் இது. உலகெங்கும் எத்தனையோ பேர் தங்கள் வாழ்நாளின் முதல் இருபது முகப் பகடையை உருட்டியது இந்த வளைவில்தான். அவர்களில் பலர் விழுந்ததும் இங்கேதான். கோப்ளின் என்பது இந்த ஆட்டத்தின் மிக அற்பமான எதிரிகளில் ஒன்று. ஆள் குள்ளம், 2014 விதிப்படி உயிர்ப்புள்ளி ஏழு. வாள்வீச்சு ஒன்று சரியாக விழுந்தால் கதை முடிந்தது. அப்படிப்பட்ட நான்கு பேர் எப்படி ஒரு வீரர் குழுவையே சாய்க்கிறார்கள்? இதற்கு விடை தேடிப் போனால் போர்க்கணிதம், நிகழ்தகவு, பிரஷ்யப் படையின் பயிற்சி அறை என்று எங்கெல்லாமோ போக வேண்டியிருக்கிறது.

ஆட்டம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கதாபாத்திரம்: போர்வீரர், மந்திரவாதி, திருடர், பூசாரி. ஒருவர் மட்டும் 'டஞ்சன் மாஸ்டர்'. உலகம், ஊர், எதிரி, மழை, வெயில் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். முயன்றது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். எதிரியை எத்தனை பேராக, எந்த இடத்தில் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் மாஸ்டரின் வேலை. சண்டை உப்புச்சப்பில்லாமல் போனால் ஆடுபவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். அளவு மீறினால், ஒருவர் மாதக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரம் ஒரே மாலையில் செத்துப்போகும்.

இதற்கு உதவியாக 2014 விதிநூல் ஒரு கணக்கு தந்தது. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு சவால் எண் உண்டு, அதற்கேற்ற அனுபவப் புள்ளியும் உண்டு. கோப்ளினின் சவால் எண் கால், புள்ளி 50. நான்கு கோப்ளினுக்கு 200. இதோடு நிற்காமல் தலை எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்கச் சொன்னது நூல்: இரண்டு எதிரி என்றால் ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு வரை இரண்டு மடங்கு, ஏழு முதல் பத்து வரை இரண்டரை மடங்கு. ஆக நம் நால்வரின் எடை 400. எதிர்த்தட்டில் முதல் நிலைச் சாகசக்காரர்கள், அதாவது இப்போதுதான் ஆடத் தொடங்கிய கதாபாத்திரங்கள், நான்கு பேர். ஒரு மோதல் 'கொடியது' எனப்படும் எல்லை ஆளுக்கு 100 புள்ளி, நால்வருக்கு 400. முள் மிகச் சரியாகக் கொடிய எல்லையின் மேல் வந்து நிற்கிறது. மாஸ்டர்களுக்காக நூல்கள் எழுதும் மைக் ஷே இதைவிட எளிய மனக்கணக்கு ஒன்றைச் சொல்வார்: குழுவின் நிலைகளைக் கூட்டி, அதில் கால் பங்கை எதிரிகளின் சவால் எண்களின் கூட்டுத்தொகை தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள், ஐந்தாம் நிலையிலிருந்து கால் பங்குக்குப் பதில் அரைப் பங்கு. அதன்படியும் நான்கு கோப்ளின் ஒன்று, நான்கு வீரரின் கால் பங்கும் ஒன்று. இரண்டு தராசும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

தலை எண்ணிக்கைக்கு ஏன் இந்தத் தண்டனை? விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். குழு ஒரு சுற்றுக்கு ஒரு கோப்ளினைச் சாய்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கோப்ளின் என்றால் அது ஒரே ஒரு முறை தாக்கிவிட்டு விழும். நான்கு பேர் இருந்தால், முதல் சுற்றில் நான்கு தாக்குதல், அடுத்ததில் மூன்று, பிறகு இரண்டு, ஒன்று: ஆகப் பத்து. எட்டுப் பேர் என்றால் முப்பத்தாறு. எதிரி நான்கு மடங்கானால் வாங்கும் அடி பத்து மடங்கு. எட்டு மடங்கானால் முப்பத்தாறு மடங்கு. காத்திருக்கும் ஒவ்வொரு கோப்ளினும் தன் முறை வரும்வரை சும்மா இருப்பதில்லை என்பதுதான் காரணம்.

இதே உண்மையை இந்த ஆட்டத்துக்கு வெகுகாலம் முன்பே ஒருவர் எழுதிவைத்துவிட்டார். ஃபிரெடரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தின் முன்னோடிக் கார்ப் பொறியாளர். விமானம் பறக்கும் விதம் பற்றியும் ஆராய்ந்தவர். முதல் உலகப் போர் மூண்ட 1914-இல், போரின் வலிமைக்கு ஒரு சமன்பாடு கண்டார். எல்லாரும் எல்லாரையும் தொலைவிலிருந்து சுட முடிகிற நவீனப் போரில், ஒரு படையின் பலம் ஆளின் திறமையோடு நேராகவும், ஆட்களின் எண்ணிக்கையோடு வர்க்கமாகவும் கூடும் என்பதே அது. ஆள் இரட்டித்தால் பலம் நான்கு மடங்கு. திறமையை இரட்டித்தாலோ பலம் இரண்டே மடங்கு. பழங்காலப் போரில், குறுகலான கணவாயில் ஒருவர் எதிரே ஒருவர் நிற்கும்போது, இந்த வர்க்கம் மறைந்துவிடும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். வாசல் நிலையில் கேடயத்தோடு நின்று, உள்ளே ஒரு கோப்ளினை மட்டும் வரவிடும் போர்வீரர் செய்வது இதைத்தான். அவருக்கு லான்செஸ்டர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விதிநூலின் பெருக்கல் அட்டவணை முழு வர்க்கத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு கோப்ளின் ஒரு கோப்ளினைப்போல் எட்டு மடங்கு. எட்டுக் கோப்ளின் இருபது மடங்கு. நேர்விகிதத்துக்கும் வர்க்கத்துக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. மேசையில் நடப்பதும் அப்படித்தான். மந்திரவாதியிடம் பலரை ஒரே வீச்சில் பிடிக்கும் மந்திரங்கள் உண்டு. 2014 விதியில் 'ஸ்லீப்' என்னும் முதல் நிலை மந்திரம் ஐந்து எண்முகப் பகடைகளை உருட்டி, வந்த கூட்டுத்தொகைக்குள் அடங்கும் உயிர்ப்புள்ளி கொண்டவர்களைத் தூங்க வைக்கும். சராசரி 22 சொச்சம். ஏழு ஏழாகக் கழித்தால் மூன்று கோப்ளின்கள் ஒரே நொடியில் குறட்டை விடும். நான்காவது பாவம், தனியாக நிற்கும்.

அந்த மந்திரவாதி முதலில் பேசினால்! எட்டு உயிர்ப்புள்ளியும் 12 கவச எண்ணும் (அடிக்க வருபவர் எட்ட வேண்டிய எண்) உள்ள ஒரு மந்திரவாதியை, புதரில் ஒளிந்திருக்கும் இரண்டு கோப்ளின்கள் குறிவைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒளிந்து எய்வதால் ஒவ்வொன்றும் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். அம்பு தைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 88 அளவு. ஒரு அம்பு மூன்று முதல் எட்டு வரை உயிர்ப்புள்ளி குடிக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், மந்திரவாதி வாயைத் திறப்பதற்கு முன்பே விழும் வாய்ப்பு பத்தில் ஏழுக்கும் மேல். அவர் முந்தினால் சண்டை ஒரு சுற்றில் முடிந்துபோகும்; கோப்ளின்கள் முந்தினால் குழுவே சிதறும். அட்டவணை இரண்டு மாலைகளுக்கும் 400 என்ற ஒரே எண்ணைத்தான் தருகிறது.

முதல் நிலையின் கொடுமையே இதுதான். ஆயிரம் முறை நாணயம் சுண்டினால் பாதிக்குப் பாதி தலை விழும் என்று நம்பலாம்; இரண்டு முறை சுண்டினால் எதையும் நம்ப முடியாது. பத்தாம் நிலை வீரர் சாய்வதற்குப் பல அடிகள் வேண்டும். அத்தனை பகடைகளின் நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, முடிவு சராசரிக்கு அருகே வந்து நிற்கும். முதல் நிலையில் இரண்டு அடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. புதிதாக ஆட வருபவர்களுக்குக் கனிவாக இருக்க வேண்டிய கட்டம் இது. கணிதமோ இங்கேதான் மிகக் குரூரமாக இருக்கிறது. அனுபவமுள்ள மாஸ்டர்கள் பலர் முதல் நிலையைக் கைக்குழந்தையைப்போல் தாங்கிக் கடத்திவிடுவது நியாயமானதே.

இனி ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'சமநிலையான மோதல்' என்ற சொல்லைக் கேட்டதும் இரு பக்கமும் சம பலம் என்று தோன்றும். அப்படி உண்மையிலேயே சமமாக வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சண்டையும் நாணயம் சுண்டுவதுபோல் ஆகிவிடும். எட்டுச் சண்டைகளைத் தாண்டிப் பிழைப்பது 256 குழுக்களில் ஒன்றே ஒன்றுதான். வெற்றி வாய்ப்பை நூற்றுக்கு 95 ஆக்கினாலும், இருபது சண்டை முடிவில் நூறு குழுக்களில் 36 மட்டுமே மிஞ்சும். 99 ஆக்கினால் நூறு சண்டைக்குப் பிறகு ஏறத்தாழ 37. ஆண்டுக்கணக்கில் நீளும் கதை ஒன்று உயிரோடு இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு சண்டையும் வீரர்கள் பக்கம் வெகுவாகச் சாய்ந்தே இருக்க வேண்டும். ஆனால் ஆடுபவரின் நெஞ்சு படபடக்கவும் வேண்டும். வெல்வது ஏறத்தாழ உறுதி என்றால் படபடப்பு எங்கிருந்து வரும்?

வென்றதற்குக் கொடுக்கும் விலையிலிருந்து. 2000-ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு இதைத் துணிச்சலாக எண்ணில் எழுதியது. ஜோனதன் ட்வீட், மான்டே குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்த பதிப்பு அது. சவால் எண் என்ற கருத்து அதில்தான் நிலைபெற்றது. ஐந்தாம் நிலையில் உள்ள நால்வருக்கு ஐந்து என்ற சவால் எண் கொண்ட எதிரி ஏற்றது என்றால் அதன் பொருள், அந்தச் சண்டை குழுவின் கையிருப்பில், அதாவது உயிர்ப்புள்ளி, மந்திரம், மருந்து எல்லாவற்றிலும், ஐந்தில் ஒரு பங்கைக் கரைக்கும் என்பது. நான்கு சண்டை முடிந்தால் மடி ஏறக்குறைய காலி. ஐந்தாவது கதவைத் திறப்பதா, திரும்பிப் போய்ப் படுத்து எழுந்து வருவதா? ஆட்டத்தின் உண்மையான திகில் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

அதற்கு முன்பு எண் இல்லாமலா ஆடினார்கள்? 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் ஆழமே அளவுகோல். நிலத்தடிக் குகையில் முதல் தளத்தில் சிறிய எதிரி, கீழே போகப் போகப் பெரிய எதிரி. எவ்வளவு ஆழம் இறங்குவது என்பது ஆடுபவரின் முடிவு. தம் ஆபத்தைத் தாமே தேர்ந்துகொண்டார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணியம் இருக்கிறது. பிற்காலப் பதிப்புகள் இதைக் கைவிட்டது இழப்பென்றே சொல்ல வேண்டும். தம் கதாபாத்திரங்களை யாராலும் வெல்ல முடியாது என்று பெருமை பேசிய தேர்ந்த ஆட்டக்காரர்களுக்காகக் கைகாக்ஸ் உருவாக்கிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறை 1975-இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் விழாவில் போட்டியாக வைக்கப்பட்டு, 1978-இல் அச்சாகியது. சுவரில் வாய் பிளந்த பச்சை முகம் ஒன்று. அந்த வாய்க்குள் நுழைந்தவர் அடியோடு இல்லாமல் போவார். உயிர்ப்புள்ளி எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. அங்கே எடை போடப்பட்டது ஆடுபவரின் எச்சரிக்கை.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு எண்களில் மிகவும் கட்டுக்கோப்பானது. எதிரிகளுக்கு வேலை பிரித்தது: ஒருவர் முரடர், ஒருவர் பதுங்கிப் பாய்பவர், ஒருவர் தூரத்திலிருந்து எய்பவர். கூடவே 'மினியன்' என்றொரு வகையைக் கொண்டுவந்தது: ஒரே ஒரு உயிர்ப்புள்ளி மட்டும் உள்ள எதிரி. கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டும், அதே சமயம் லான்செஸ்டரின் வர்க்கம் குழுவை நசுக்கவும் கூடாது என்ற சிக்கலுக்கு இதைவிட அழகான தீர்வு வந்ததில்லை.

ஐந்தாம் பதிப்பு, நடுத்தரமோ கடினமோ ஆன மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை ஒரே நாளில் ஒரு குழுவால் தாங்க முடியும் என்று வைத்துக்கொண்டு தன் எண்களை அமைத்தது. இங்கேதான் தராசு பல மேசைகளில் பொய் சொல்லத் தொடங்கியது. வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வந்து மூன்று நான்கு மணி நேரம் ஆடுபவர்களுக்கு எட்டுச் சண்டை எங்கே கிடைக்கும்? ஒன்றோ இரண்டோ நடக்கும். நாள் முழுக்க நீட்ட வேண்டிய மந்திரங்களை மந்திரவாதி ஒரே சண்டையில் கொட்டிவிடுவார். கடினம் என்று அட்டவணை சொன்ன எதிரி இரண்டு சுற்றில் சாம்பலாவார். மாஸ்டர் தம் திறமையைச் சந்தேகித்துக்கொள்வார். அவர் மேல் தவறில்லை. எட்டுத் தவணையில் செலுத்த வேண்டியதை ஒரே தவணையில் செலுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

சவால் எண்ணைக் கணக்கிடும் விதத்திலும் ஓட்டை உண்டு. ஓர் எதிரி எவ்வளவு அடி தாங்கும், மூன்று சுற்றில் சராசரியாக எவ்வளவு அடி கொடுக்கும் என்ற இரண்டையும் வைத்தே பெரும்பாலும் அது தீர்மானமாகிறது. 'ஷேடோ' என்னும் நிழல் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 விதிப்படி சவால் எண் அரை, உயிர்ப்புள்ளி 16. ஆனால் அது தொடும்போதெல்லாம் உடல்வலிமை எண்ணில் ஒன்று முதல் நான்கு வரை குறைந்துவிடும். சுழி ஆனால் மரணம். வலிமை எட்டு மட்டுமே உள்ள மந்திரவாதிக்கு, உயிர்ப்புள்ளி எவ்வளவு இருந்தாலும், இரண்டே தொடுகையில் முடிவு வரக்கூடும். 18 வலிமையுள்ள போர்வீரருக்கு அதே நிழல் ஒரு தொல்லை மட்டும்.

ஓட்டைகளிலேயே பெரியது அறிவு. 1987 நவம்பரில் 'டிராகன்' இதழின் 127-ஆம் எண்ணில் ஆசிரியர் ராஜர் மூர் எழுதிய தலையங்கம் இந்த ஆட்டத்தின் பழங்கதைகளில் ஒன்றாகிவிட்டது. டக்கர் என்ற மாஸ்டரின் குகையில் முதல் தளத்தில் கோபோல்டுகள் இருந்தன. கோப்ளினைவிடவும் சிறிய, இளைத்த உயிர்கள். வந்தவர்களோ ஆறாம் நிலையிலிருந்து பன்னிரண்டாம் நிலை வரையிலான வீரர்கள். கோபோல்டுகள் நேருக்கு நேர் நிற்கவே இல்லை. தீ மூட்டின, சுவர்த் துளைகள் வழியே எய்தன, துரத்தினால் தங்கள் உயரத்துக்கு மட்டும் வெட்டிய சந்துகளில் மறைந்தன. பத்தாம் தளத்தில் எரியும் பேய்கள் இருந்தன. ஆடியவர்களுக்குக் கோபோல்டுகளை மறுபடி சந்திப்பதைவிட அந்தப் பேய்களே மேல் என்று தோன்றியது. எண் மாறவில்லை, உயிர்ப்புள்ளி மாறவில்லை. தம் வீட்டைத் தாமே காக்கத் தெரிந்த உயிர்களாக டக்கர் அவற்றை நடத்தினார்.

அட்டவணையா, மேசையில் இருக்கும் மனிதரின் மதிப்பீடா என்ற இந்த வழக்கு ஆட்டத்தைவிடப் பழையது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக 'கிரீக்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். வரைபடம், காய்கள், பகடை, சேத அட்டவணை, நடுவர் எல்லாம் அதில் உண்டு. அரை நூற்றாண்டு கழித்து, 1876-இல், வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஓரங்கட்டச் சொன்னார்: போர் கண்ட நடுவரின் தீர்ப்பு பகடையைவிட விரைவானது, மெய்யானது என்பது அவர் கட்சி. அமெரிக்கப் படை அதிகாரி சார்ல்ஸ் டாட்டன் 1880-இல் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்ற நூலில் அப்படி ஒரு நடுவருக்கு இடம் கொடுத்தார். அந்த நூலை 1960-களில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி கண்டெடுத்துத் தம் நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். பிரஷ்யாவின் நடுவர்தான் வேடம் மாறி, இன்று திரைக்குப் பின்னால் டஞ்சன் மாஸ்டராக உட்கார்ந்திருக்கிறார்.

2024-இல் வந்த திருத்திய விதிநூல் தலை எண்ணிக்கைக்கான பெருக்கலை நீக்கிவிட்டது. புதிய கணக்கில் நம் நான்கு கோப்ளின்கள் வெறும் 200. முதல் நிலை நால்வருக்கு 200 என்றால் 'குறைந்த' ஆபத்து, 300 நடுத்தரம், 400 உயர்ந்தது. பத்து ஆண்டுக்கு முன் கொடியதென்று எழுதப்பட்ட புதர் இப்போது மூன்று படிகளில் அடிப்படியில் நிற்கிறது. ஆளுக்கு இரண்டு பேருக்கு மேல் எதிரிகள் இருந்தால் எளிதில் விழுபவர்களாகப் பார்த்துச் சேர்க்கும்படி ஒரு அறிவுரை மட்டும் மிஞ்சியிருக்கிறது. கூட்டல் எளிதாகிவிட்டது, லான்செஸ்டர் சொன்ன சுமை முழுவதும் மாஸ்டரின் தலைக்கு வந்துவிட்டது.

அந்தச் சுமையை எப்படித் தூக்குவது என்பதற்கு 2014-இன் அந்தக் காட்டுவழியே நல்ல பாடம். மேலோட்டமாகப் பார்த்தால் புதியவர்களைக் கொல்லப் போட்ட பொறிபோல் இருக்கும். எழுதியவர்கள் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று நிதானமாகப் படித்தால் வேறு படம் தெரிகிறது. கோப்ளின்கள் நான்கும் எய்துகொண்டே இருப்பதில்லை. இரண்டு கத்தியோடு ஓடிவரும். இரண்டு மட்டும் தள்ளி நின்று அம்பு விடும். அதாவது, இரண்டு கோப்ளின்கள் தாமாகவே வாளுக்கு எட்டும் தூரத்துக்கு வந்து நிற்கின்றன. ஒருவேளை வீரர்கள் தோற்றாலும் கோப்ளின்கள் யாரையும் கொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவர்களை அப்படியே விட்டு, கையில் உள்ளதையும் வண்டியில் உள்ளதையும் வாரிக்கொண்டு தங்கள் குகைக்குத் திரும்பிவிடும். நால்வரும் வெறுங்கையோடு கண் விழிப்பார்கள். கதை அறுந்துபோகாது, கோபம் மட்டும் கூடியிருக்கும். எண்ணைத் தொடாமலே தோல்வியின் விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

வெற்றி எப்படி இருக்கும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. மூன்று கோப்ளின்கள் விழுந்ததும் நான்காவது சண்டையை விட்டு ஓடப் பார்க்கும். அது ஓடுகிற திசையில், புதருக்குப் பின்னால், வழியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு ஒற்றையடிப் பாதை வடமேற்கே போகிறது. மண்ணில் பத்துப் பன்னிரண்டு கோப்ளின்களின் காலடி. நடுவே மனித உருவம் இரண்டை இழுத்துப்போன தடம். கொஞ்ச தூரத்தில் இலைக்கடியில் ஒரு சுருக்குக் கண்ணி, அதைத் தாண்டினால் மூடிவைத்த ஒரு குழி. உயிர்ப்புள்ளி பாதி போய்விட்டது. மந்திரம் ஒன்று மிச்சம். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறார்.